சத்தம் வேறு, சக்தி வேறு

நான்கு சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிளை நீங்கள் பார்த்ததுண்டா? ஏ.டி.வி. என்று அதற்குப் பெயர். உல்லாசப் பிரயாணிகள் வந்து போகும் ஊர்களில், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஓட்ட விடுகிறார்கள். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, குட்டி டிராக்டரின் சக்கரம், பழகாத குதிரையின் முரட்டுத்தனம் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

அந்தச் சரக்கில் ஒன்றை என் அண்ணன் மகன் வாங்கியிருக்கிறான். அவனுக்கு ஷார்ஜாவில் உத்தியோகம். மூன்று சிநேகிதர்களோடு கூட்டுச் சேர்ந்து, பழைய யமஹா 'பான்ஷி' வண்டி ஒன்றைப் பிடித்துவிட்டான். விடுமுறை நாளில் அதை மணல்மேட்டில் ஏற்றி இறக்குவதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சென்ற மாதம் ஒருநாள் இரவு கைப்பேசியில் அவன் குரல் வந்தது.

"சித்தப்பா, வண்டிக்குப் புதுசா பைப் மாத்தலாம்னு இருக்கோம். கடையிலே பத்து தினுசு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என்ஜினையும் கொஞ்சம் ஏத்திடலாம்னு ஆசை. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டின்னா உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாச்சே, நீங்களே சொல்லுங்க!"

ஆரணியில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருக்கும் ஆசாமிக்கும் அரபு நாட்டு மணலில் ஓடும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. என் தகப்பனாரின் வலது மணிக்கட்டு கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. அதற்குக் காரணம் இதே மாதிரி ஒரு குழாய். அந்தக் குழாயை வாங்கி மாட்டியவன் நான்.

முதலில் வண்டியின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் நம் நாட்டில் 'ராஜ்தூத் 350' என்று ஒரு மோட்டார் சைக்கிள் வந்ததே, நினைவிருக்கிறதா? யமஹாவின் ஆர்.டி. 350 என்ற வண்டியை எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் இங்கே செய்து விற்றார்கள். இரண்டு சிலிண்டர், 347 சி.சி. பெட்ரோலை அது குடித்த குடியைப் பார்த்துவிட்டுப் பல பேர் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிட்டார்கள். 1987-இல் வெளிவந்த பான்ஷியின் என்ஜினும் அதே வம்சம்தான். சிலிண்டரின் அகலம் 64 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மில்லிமீட்டர் என்று இரண்டுக்கும் ஒரே கணக்கு. ராஜ்தூத்துக்குக் காற்று பட்டுச் சூடு தணியும், பான்ஷிக்குத் தண்ணீர். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்கிற வித்தியாசம்தான்.

அதே கம்பெனியார் 1985-இல் கொண்டுவந்த சின்னப் பிள்ளைதான் ஆர்.எக்ஸ். 100. 98 சி.சி.யில் 11 குதிரைச் சக்தி. 1996 வரை செய்தார்கள். இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் நடுவயதுக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அப்படிப் பெருமூச்சு விடுகிறவர்களில் நானும் ஒருவன். 1993-இல், இரண்டு வருஷத் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து, பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் தெருவில் பொழுது விடிந்தால் தறிச் சத்தம்தான். அதற்கு நடுவில் என் வண்டியின் சத்தம் தனியாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

கோட்டை மைதானத்துக்குப் போகிற வழியில் ஒரு மெக்கானிக் கொட்டகை போட்டிருந்தார். எல்லாரும் அவரை 'மேஸ்திரி' என்பார்கள். முதல் காரியமாக, சைலன்சரின் வால்பக்கத்தில் உள்ள தடுப்புக் குழாயைக் கழற்றி வீசிவிட்டு, வீராதி வீரனாக அவர் முன்னால் போய் நின்றேன். வண்டி காது கிழியக் கத்தியது.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தம்பி, வண்டி முன்னைவிட வேகமாப் போவுதா?" என்று கேட்டார்.

"பின்னே? சத்தத்தைக் கேட்டாலே தெரியலையா?"

"சத்தம் எனக்குக் கேக்குது. வேகம் உனக்குத் தெரியுதான்னுதான் கேட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவத்தில், கிளம்பும்போது வண்டி முன்னைவிடச் சோம்பலாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பேசாமல் நின்றேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து, கொட்டகைக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றண்டை அழைத்துப் போனார்.

"உள்ளே குனிஞ்சு ஒரு குரல் குடு."

"ஹோய்!" என்றேன். கிணறும் "ஹோய்!" என்றது.

"அந்தத் திரும்பி வர்ற குரல்தான் தம்பி, ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு பைப்பு. குரல் எந்த நேரத்துக்குத் திரும்பி வரணும்னு தெரிஞ்சு பைப்பைப் போடணும். நீ கிணத்தோட அடியையே பேத்துட்டு வந்து நிக்கிறே!"

வாசகர்களே, மேஸ்திரி கிணற்றடியில் சொன்ன அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது புரிந்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது.

நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் புகை வெளியே போகவும் கலவை உள்ளே வரவும் கதவுபோல வால்வுகள் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் அந்தக் கதவுகள் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல்கள் வெட்டியிருக்கும். பிஸ்டன் இறங்கும்போது திறக்கும், ஏறும்போது மூடும். புகை போகிற ஜன்னலும் புதுக் கலவை வருகிற ஜன்னல்களும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். முன்வாசலில் வந்த விருந்தாளி சாப்பிடாமலே கொல்லைப்புறமாகப் போய்விடுவதுபோல, எரியாத பெட்ரோல் கலவை புகையோடு வெளியே ஓடிவிடும்.

ஓடுகிற விருந்தாளியைத் திருப்பி அழைத்து வருவதற்குத்தான் குழாய். என்ஜினிலிருந்து கிளம்பும் புகைக்குழாய் கொஞ்ச தூரம் ஒடுக்கமாகப் போய், பிறகு கூம்புபோல விரியும். அப்புறம் ஒரு வயிறு. அதற்குப் பிறகு தலைகீழ்க் கூம்பாகச் சுருங்கி, கடைசியில் விரல் பருமன் வாலாக முடியும். மெக்கானிக்குகள் இதைச் 'சேம்பர் பைப்' என்பார்கள். ஜன்னல் திறந்ததும் புகை ஒரு வேட்டுப்போல் பாய்கிறது. அதன் அழுத்த அலை விரிகிற கூம்பில் போகும்போது பின்னால் ஓர் இழுப்பு உண்டாகி, சிலிண்டரில் மிஞ்சிய புகையை உறிஞ்சுகிறது. புதுக் கலவையும் கொஞ்சம் கூடவே வெளியே வந்துவிடுகிறது. அதற்குள் முன்னால் போன அலை, சுருங்குகிற கூம்பில் முட்டி எதிரொலியாகத் திரும்புகிறது. வெளியே வழிந்த கலவையை அது சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் பிஸ்டன் ஜன்னலை மூடிவிடுகிறது. இரண்டு ஸ்ட்ரோக்கின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நாடா மறுகரைப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலகை வந்து அடிக்க வேண்டும். ஒரு கணம் முந்தினால் நாடா நடுவில் மாட்டிக்கொண்டு பாவு இழைகளை அறுத்துவிடும். நாடா வேகமாகப் போனால் மட்டும் புடவை வந்துவிடாது. அடி நேரத்துக்கு விழ வேண்டும்.

நேரம் என்றால் எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பயப்படாதீர்கள். ஆர்.எக்ஸ். 100 தன் முழுச் சக்தியைக் காட்டுவது நிமிஷத்துக்கு 7,500 சுற்றில். அதாவது விநாடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 8 பங்கு விநாடி. அதில் ஏறக்குறையப் பாதி நேரம் புகை ஜன்னல் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் 4 பங்கு. கொதிக்கிற புகையில் ஒலி அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். அந்த நேரத்தில் அது கடக்கும் தூரம் 2 மீட்டர். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். ஆகவே எதிரொலி கிளப்புகிற கூம்பு ஒரு மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 10,000 சுற்றில் சக்தி வேண்டும் என்றால் அதே கணக்கில் முக்கால் மீட்டர்தான். நீளக் குழாய் மெதுவான ஓட்டத்துக்கு. குட்டைக் குழாய் துரித ஓட்டத்துக்கு. எல்லா வேகத்துக்கும் ஏற்ற குழாய் ஒன்றை இன்னும் யாரும் செய்யவில்லை.

இந்தக் கலையைப் பெரிய வித்தையாக வளர்த்தவர் வால்டர் காடன் என்ற ஜெர்மானியர். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். என்ற கம்பெனியின் பந்தய வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1961-இல் 125 சி.சி. என்ஜினிலிருந்து சுமார் 25 குதிரைச் சக்தியைக் கறந்துவிட்டார். லிட்டருக்கு 200 குதிரை! உலகமே மூக்கில் விரலை வைத்தது. அதே வருஷம் செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயம் நடந்த சமயத்தில், அவருடைய ஓட்டக்காரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிப் போய், ஜப்பானில் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகிக்கு 50 சி.சி. உலகப் பட்டம்! சிறையில் இருக்க வேண்டிய ரகசியம் இப்படித்தான் சீமை தாண்டி, கடைசியில் ஆரணிக் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தது.

பாடத்தைக் கேட்டதோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது. "கம்பெனி பைப்புக்குள்ளேயே கூம்பெல்லாம் இருக்கு தம்பி. நீ போற வேலூர் ரோட்டுக்கு அது போதும்" என்று மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். அங்கே வயிறு பெருத்த குழாய் மாட்டிய வண்டிகள் தேனீப்போல் இரைந்துகொண்டு பறந்ததைக் கண்டபிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. 1994 ஐப்பசியில் சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் அலைந்து, சேம்பர் பைப் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன்.

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மாட்டிக் கொடுத்தார். கூடவே கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் பித்தளைத் துளையை, அதாவது மெயின் ஜெட்டை, பெரியதாக மாற்றினார்.

"பைப்பு நிறையக் காத்தை இழுக்கும். காத்துக்குத் தகுந்த பெட்ரோல் போகணும். பெட்ரோல் குறைஞ்சா என்ஜின் கொதிக்கும். பெட்ரோல்லதான் ஆயிலும் கலந்திருக்கு. அதனாலே பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். பிஸ்டன் விரிஞ்சு சுவத்தைக் கவ்விக்கும். இந்த ஜெட்டிலே மட்டும் கை வைக்காதே!" என்றார்.

வண்டி பறந்தது. முதல் பாதி வேகத்தில் ஒன்றுமில்லை. ஒரு கட்டத்துக்கு மேலே யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினாற்போல் பாய்ந்தது. தெருவில் தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுதன. பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து என்னைச் சபித்தார்கள். அதையெல்லாம் நான் பாராட்டுரையாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் பெட்ரோல் செலவு கையைக் கடித்தது. தறிக்காரன் கணக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஜரிகை முனையைக்கூடப் பொறுக்கி வைப்பவர்கள் நாங்கள். ஒருநாள் உச்சிவெயிலில் நானே கார்புரேட்டரைக் கழற்றி, பழைய சின்ன ஜெட்டைத் திரும்ப மாட்டினேன். ஊருக்குள்ளே ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. 'மேஸ்திரிக்கு ஒன்றும் தெரியாது' என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

மார்கழி மாதம். தை முகூர்த்தத்துக்கான இரண்டு பட்டுப் புடவைகளை வேலூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்பா பின்னால் உட்கார்ந்தார். புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டார். விடியற்காலைப் பனியில் கிளம்பினோம். கமண்டல நாகநதிப் பக்கத்துக் குளிர் எலும்பில் இறங்கியது. வண்டியோ அன்றைக்கு வழக்கத்தைவிட உற்சாகமாகப் பாய்ந்தது. கண்ணமங்கலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில் ரஸ்தா காலியாக இருந்தது. முழுக்க முறுக்கினேன்.

அப்பா என் தோளைத் தட்டினார். "டேய், சத்தம் மாறுதுடா. நிறுத்து."

"ஒண்ணும் இல்லேப்பா. காத்து அடிக்குது. அதான் அப்படிக் கேக்குது."

"காத்து இல்லேடா. நூல் இறுகி அறப்போற சத்தம் மாதிரி இருக்கு. நிறுத்துன்னா!"

நான் நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. என்ஜின் 'கீச்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுச் செத்தது. பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு ரோட்டில் தேய்ந்தது. அந்தக் கணத்தில் இடது கைக் கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. வண்டி சாய்ந்தது. எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அப்பா ஒரு கையால் புடவைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தரையில் ஊன்றினார். ஊன்றிய கை வலது கை. மணிக்கட்டு முறிந்தது. புடவைகளில் ஒரு துளி மண் படவில்லை.

நடந்தது என்ன என்று மேஸ்திரி பிறகு சொன்னார். உச்சிவெயிலில் காற்று லேசானது. சின்ன ஜெட் ஏதோ சமாளித்தது. பனிக்காலை விடியலில் காற்று கனமானது. அதே அளவு காற்றில் பிராணவாயு அதிகம். அதற்கு வேண்டிய பெட்ரோலும் அதிகம். வண்டி உற்சாகமாகப் பாய்ந்தது என்று சொன்னேனே, அது சாகப்போகிற விளக்கின் பிரகாசம். ஊருக்குள் ஒரு நிமிஷம் முறுக்கினால் தெரியாத கோளாறு, நீண்ட ரஸ்தாவில் தெரிந்துவிட்டது.

நான்கு மாதம் அப்பாவால் தறிக் கயிற்றை இழுக்க முடியவில்லை. வீட்டுத் தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை நின்றுகொண்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் கொடுத்தாக வேண்டும். குழியில் நான் இறங்கினேன். அப்பா கையில் கட்டோடு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டிருப்பார். திடீரென்று, "இடதுகரை ஊடை இறுகுது", "ஒரு இழை போச்சு, பாரு" என்பார். பார்த்தால் போயிருக்கும்! கண்ணால் பார்க்காமல் காதால் புடவையைப் படிக்கிற மனிதர் அவர். அவர் 'சத்தம் மாறுதுடா' என்று சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

புடவை தவணைக்குள் போய்ச் சேர்ந்தது. சேம்பர் பைப் பரணில் ஏறியது. மேஸ்திரியிடம் முறையாக உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டேன். பகலில் தறி, சாயங்காலத்தில் ஸ்பானர் என்று பல வருஷம் ஓடிற்று. அண்ணன் மகன் 'தலைகீழ்ப் பாடம்' என்று சொல்வது இதைத்தான். பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் அவனுக்குத் தெரியாது. இந்தத் தடவை அதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு அவன் கேட்ட கேள்விக்கும் வரிசையாகப் பதில் சொன்னேன். உங்கள் வீட்டுப் பிள்ளை எவனாவது இதே கேள்வியோடு வந்தால், நீங்களும் சொல்லலாம்.

"முதலில் பணத்தைப் பையிலேயே வை. பழைய என்ஜின் நோயாளி. நோயாளிக்கு லேகியம் கொடுப்பதற்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வாயையும் புகைக்குழாய் வாயையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவு லேசாகக் காற்று ஏற்றி, 6 நிமிஷம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல். இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகுகிற இடத்தில் வெறும் காற்று உள்ளே போகும். அது பிஸ்டனுக்கு எமன்.

"இரண்டாவது, எந்தக் குழாய் என்று கேட்காதே, எந்த இடத்தில் ஓட்டப் போகிறேன் என்று கேட்டுக்கொள். மணல், வண்டியைப் பின்னாலேயே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேட்டில் பாதி ஏறும்போது சுற்று குறைந்தால், உச்சிச் சுற்றுக்கு என்று செய்த குழாய் அங்கேயே உயிரை விட்டுவிடும். உங்களைப்போல மேடும் பள்ளமுமாகச் சுற்றுகிறவர்களுக்கு நடுத்தரச் சுற்றில் அகலமாகச் சக்தி தருகிற குழாய்தான் சரி. நேராக ஒரே மேட்டைப் பந்தயமாக ஏறுகிறவனுக்கு உச்சிச் சுற்றுக் குழாய். அவன் வண்டியைப் பார்த்து நீ வாங்காதே. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. இரண்டும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். வால் குழாயை 'நன்றாக மூச்சு விடட்டும்' என்று வெட்டிவிடாதே; அதன் அளவைத் தப்பாகக் குறைத்தாலும் சூடு, கூட்டினாலும் சக்தி நஷ்டம்.

"மூன்றாவது, குழாய் மாற்றிய அன்றே ஜெட்டையும் மாற்று. பெரிய ஜெட்டில் தொடங்கி, பிளக்கைப் பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கு. சின்னதில் தொடங்கி மேலே ஏறாதே. பிளக்கின் நுனி காப்பிப்பொடி நிறமாக இருந்தால் சௌக்கியம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், பர்ஸுக்குத்தான் ஆபத்து. வெளுத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. மத்தியான வெயிலில் சரிபார்த்த வண்டியைக் குளிர்கால விடியலில் எடுக்கும்போது மறுபடி யோசி. காற்று வடிகட்டியின் பஞ்சை அதற்குரிய எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து மாட்டு. அந்த ஊர் மணல் பவுடர் மாதிரி. ஒரு சிட்டிகை உள்ளே போனால் உப்புத்தாள் தேய்த்ததுபோல் சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

"நான்காவதுதான் என்ஜினை ஏற்றுகிற சமாசாரம். முதலில் பல்சக்கரத்தை மாற்றிப் பார். செலவு குறைவு, மணலில் வித்தியாசம் உடனே தெரியும். பிறகு கலவை உள்ளே வருகிற ரீடு வால்வின் இதழ்களைப் புதுப்பிக்கலாம். சிலிண்டர் தலையைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டினால் பெட்ரோலும் உயர்ந்த ரகமாக வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் என்ஜினுக்குள் சுத்தியல் அடிப்பதுபோல் தட்டும். ஜன்னல்களை அரத்தால் ராவிப் பெரிதாக்குவதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள். ராவியதை ஒட்டவைக்க முடியாது.

"ஐந்தாவது, ஓட்டும்போது இடது கையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்சின் மேல் இருக்கட்டும். சத்தம் மாறினால் அப்புறம் யோசித்துக்கொள், முதலில் பிடி."

இதெல்லாம் மணலுக்கும் பந்தயத் திடலுக்கும்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் தெருவுக்கு இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. 80 சி.சி.க்கு மேல் 175 சி.சி. வரையுள்ள புது மோட்டார் சைக்கிள்களுக்குச் சத்தம் 77 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். எரியாத பெட்ரோலைப் புகையோடு விட்டதால்தான் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே நம் சாலையில் இடமில்லாமல் போயிற்று. 2000-இல் புகை விதிகள் இறுகின பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. சட்டம் கிடக்கட்டும், தொட்டிலில் தூங்குகிற பிள்ளை இருக்கிறதே!

பதிலை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. அசையும் படம். புதுக் குழாய்கள் இரண்டும் மினுமினுக்க, பான்ஷி நின்ற இடத்தில் நின்றுகொண்டு சிங்கம்போல் கர்ஜித்தது. சுற்றிலும் பையன்கள் குதித்தார்கள். "எப்படி இருக்கு சித்தப்பா? நடுத்தரச் சுற்று பைப்தான் போட்டிருக்கோம். ஜெட்டும் மாத்தியாச்சு. நாளைக்குக் காலையிலே மணலுக்குக் கிளம்பறோம்!"

கேட்க எனக்கும் ஆனந்தமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வயது ஒரு கணம் திரும்பி வந்தது. ஆனாலும், "சத்தத்தை அனுப்பாதேடா. பிளக்கின் படத்தை அனுப்பு" என்றேன்.

முனகிக்கொண்டே கழற்றி அனுப்பினான். இரண்டு பிளக்குகள். இடதுபக்கத்தது அழகான காப்பிப்பொடி நிறம். வலதுபக்கத்தது சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தது.

"காற்று ஏற்றிச் சோதனை பண்ணச் சொன்னேனே, பண்ணினாயா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இல்லே சித்தப்பா. நல்லாத்தானே ஓடுதுன்னு விட்டுட்டோம்."

"நாளைக்கு வண்டியை எடுக்காதே. வலதுபக்கம் எங்கேயோ காற்று புகுகிறது. தேடு."

மறுநாள் சாயங்காலம் குரல் வந்தது. முந்தின நாள் குதிப்பு அதில் இல்லை. "கண்டுபிடிச்சுட்டோம் சித்தப்பா. வலது கார்புரேட்டரை என்ஜினோட சேர்க்கிற ரப்பர்லே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. மடக்கிப் பார்த்தாத்தான் தெரியுது." பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னைக்கு நான்தான் முதல்லே ஓட்டறதா இருந்துது. பின்னாலே யாரும் இல்லேன்னாலும்..." என்று இழுத்தான். தாத்தாவின் மணிக்கட்டு அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

ரப்பருக்கு என்ன விலை என்று கேட்டேன். குழாய்களின் விலையோடு பார்த்தால் கால்தூசி.

என் ஆர்.எக்ஸ். 100 இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. கம்பெனி சைலன்சரோடு, உள்ளே தடுப்புக் குழாயும் பத்திரமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை மைதானம் வரை போய் வருவேன். தெருமுனை திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பேன். தறிச் சத்தமும் என்ஜின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். தோளில் யாராவது தட்டினால், நிறுத்துவதற்குத் தயாராகத்தான் ஓட்டுகிறேன்.